ரம்பத்தின் பங்கு

கழித்தல் இருபத்தாறு.
ஏரியோரம் அடுக்கிய பைன் தடிகள்
தட்டினால் கல்லாய் ஒலிக்கின்றன.
உறைந்த மரத்துக்குள் நுழைந்ததும்
பட்டை ரம்பம் பாம்பாகிறது.
நடுவில் நெளிந்து, முனையில் நிமிர்ந்து
ஒன்றுமே நடக்காததுபோல்
வெளியே வருகிறது.

ஐலா நம்புவதில்லை.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டி எறிந்துவிட்டு
காலிப்பரோடு நிற்கிறாள்.
பலகைக்கு ஆறு இடம்.
ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று. ஐம்பத்தொன்று.
ஐம்பத்துநான்கு புள்ளி ஆறு.
பென்சில் ஒடிகிறது.

எங்காவது மெலிந்துவிடுமோ என்ற பயத்தில்
இந்த ஆலை ஒவ்வொரு பலகையையும்
கொஞ்சம் கொழுக்கவிட்டே அறுக்கிறது.
உலர்ந்து சுருங்க இவ்வளவு,
இழைப்புக்கு இவ்வளவு,
அது நியாயம்.
மீதி, நடுக்கத்துக்குக் கட்டும் வரி.
கட்டுவது ஆலை அல்ல,
கைனூவின் குட்டைக் கோடைகளில்
இம்மி இம்மியாய் எண்பது வளையம் சேர்த்த மரம்.

"பனிதான் காரணம்" என்றான் ரெய்னோ,
சாணைக்கல்லிலிருந்து தலை தூக்காமல்.
அவள் தாளை அவன் முன் வைத்தாள்.
ரம்பம் வளைந்த இடமெல்லாம்
சிவப்புப் புள்ளி.
அவன் வெகுநேரம் பார்த்தான்.
பிறகு காப்பி ஊற்றினான், இருவருக்கும்.

மூன்று இரவு.
பல்லின் பக்கவிரிவைக் குறைத்தார்கள்,
வழிகாட்டிக் கட்டையை மரத்தருகே நகர்த்தினார்கள்,
இழுவிசையை ஏற்றி, ஒருமுறை அதிகம் ஏற்றி,
ஒரு பட்டையைப் பலி கொடுத்து,
இறக்கினார்கள்.

வியாழக்கிழமை
இலக்குத் தடிமனில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தாள்.
தடிகள் அதே தடிகள்.
சிலவற்றின் விளிம்பில், முன்பு தூளாய்ப் போன இடத்தில்,
ஒரு மெல்லிய பலகை வந்து விழுந்தது,
அழைக்காமல் வந்த விருந்தாளியின் கூச்சத்தோடு.
யாரும் கைதட்டவில்லை.
ரெய்னோ அதை முகர்ந்து பார்த்தான்.

திங்களன்று கொதிகலன் வீட்டிலிருந்து ஓஸ்மோ:
"என் மரத்தூளை யார் திருடுகிறார்கள்?
பள்ளிக்கூடம், நீச்சல்குளம்,
உன் அடுக்குமாடி, எல்லாம்
இதில்தான் சூடாகிறது, ஞாபகமிருக்கட்டும்."
"பட்டையை எரி."
"பட்டை புகைகிறது, ஐலா.
பட்டை என் நுரையீரலைப் போல் அடைத்துக்கொள்கிறது."

வீடு திரும்பி
வெப்பக்குழாயில் உள்ளங்கை வைத்தாள்.
வெதுவெதுப்பு, அவ்வளவே.
இரண்டாவது காலுறையை மாட்டிக்கொண்டு
கம்பு ரொட்டியை அறுத்தாள்.
ஒரு முனை கட்டை விரல்,
மறுமுனை காகிதம்.
வெண்ணெய் தடவினாள்.
அளக்கவில்லை.