நிண்டார்

அளம்பில் கரையில எங்கட பாடு:
வடக்கெல்லை ஒரு கல்லு.
தெற்கெல்லைப் பனை இப்ப இல்லை,
அது நிண்ட இடத்தில
ஒரு நீலப் பரலைக் கவிழ்த்து வைச்சிருக்கிறான் தம்பி.
நாலு தலைமுறையாய் வளைக்கிற கரைவலை.
தும்புக்கயிறு போய் நைலோன் வந்தது,
தோணிக்குப் பைபர், தோளுக்கு மெசின்.
கணக்கு மட்டும் அதேதான்:
செலவைக் கழி. மிச்சத்தில பாதி வலைக்கு,
பாதி கயிறு இழுக்கிறவனுக்கு.

கொப்பியள் என்னட்டை.
பூட்டனுக்கு எழுத்துத் தெரியாது,
கூடைக்கு ஒரு முடிச்சு, கயிற்றில.
சந்தியாப்பிள்ளை அப்பப்பா பென்சிலால,
சதமும் விடாமல்.
அப்பாவின்ர எழுத்து சோளகத்துக்குச் சாய்ஞ்ச மாதிரி.
ஆர் வேலையை விட்டாலும் பேருக்கு நேரே
ஒரு சொல் எழுதுவார்: நிண்டார்.
கட்டார் போனவர், நிண்டார்.
கொழுவிக்கொண்டு போனவர், நிண்டார்;
மறுகிழமை வந்ததும் அதை வெட்டி,
பிறகும் கொழுவ, பிறகும் நிண்டார்.
செத்தவருக்கும் அதே சொல்தான்,
பக்கத்தில ஒரு சின்னச் சிலுவை.

கடைசிக் கொப்பி மாத்தளனில முடியுது.
மாசி பதினொண்டு. சூடை, ஆறு கூடை.
கயிற்றில பதினேழு பேர்.
விலை எண்ட கட்டத்தில ஒண்டுமில்லை.
பங்கு கொடுபடவில்லை.
சொப்பிங் பையில சுத்தி
நெஞ்சோட கட்டிக்கொண்டு வந்தார் அப்பா.
கரைக்குரிய பேர்மிட் துலைஞ்சது.
கடன் வந்து சேர்ந்தது.

ஊர் திரும்பி, முதல் வளைப்பில இருந்து
ஒவ்வொருத்தராய்த் தேடிக் குடுத்தம்.
சிலர் வாங்கிச் சிரிச்சினம்.
ஒருத்தி கோயிலுக்குப் போடச் சொன்னாள்.
எட்டுப் பேர் திரும்பவும் கயிறு பிடிச்சினம்.
மிஞ்சினது ஒரு பேர்: தனிஸ்லாஸ்.

போன வைகாசி அவரின்ர மகள் வந்தாள்,
செட்டிகுளத்தில இருந்து ரெண்டு பஸ் மாறி.
மெற்றில்டா.
தையல் பக்டரியில துண்டு எண்ணுற வேலை.
ஐஸ் பெட்டிக்கு மேல இருந்து கொப்பியைப் பிரட்டினாள்.
நான் காசை எண்ணி வைச்சன்,
இண்டைய விலைக்கு, வட்டியும் சேர்த்து.
அவள் தொடேல்லை.

"அக்கா, அப்பாவுக்கு நேரே நிண்டார் எண்டு இல்லையே."

இல்லை.

"அப்ப அவர் நிக்கேல்லை."

தம்பி இடையில விழுந்தான்:
இது யாவாரம் தங்கச்சி,
கயிற்றில ஆளில்லாமல் பங்கு போடேலாது.
கயிற்றுக்காரர் காதை இஞ்சால குடுத்தபடி
வலை உதறிக்கொண்டு நிண்டினம்,
தங்கட பாதியில கைவைச்சிடுவமோ எண்டு.
லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சான்.

நான் பேனையைத் திறந்தன்.
அந்த ஒரு சொல்லை எழுதியிருக்கலாம்.
பன்னிரண்டு வருஷமாய் எழுதாமல் விட்டது நான்தான்,
அப்பா கண்ணை மூடின பிறகும்.
எழுதினால், பக்கத்தில சிலுவை போடுறதோ
விடுறதோ எண்டு தெரியாமல்.

"கயிற்றின்ர பாதியைத் தொடமாட்டன்" எண்டன்.
"வலையின்ர பாதியில இருந்து தாறன்.
நாளுக்கு ஒரு பங்கு."

அவள் போனைத் தட்டிக் கணக்குப் பார்த்தாள்.
வாடை மாதங்களைக் கழிச்சாள்.
ஞாயிற்றுக்கிழமையளைக் கழிச்சாள்.
அந்தோனியார் பெருநாள், புயல் நாள்,
டீசல் இல்லாத அந்த ஆவணி.
பிறகு கொஞ்சம் யோசிச்சு,
"திங்களும் வரமாட்டார்" எண்டாள்.
"ஞாயிறு குடிச்சால் எழும்பமாட்டார். அதையும் வெட்டுங்கோ."

"திங்களுக்கு அரைப் பங்கு போடுறன்."

"வேண்டாம் அக்கா. எனக்கு அவரைத் தெரியும்."

இப்ப செவ்வாய் தொடங்கிச் சனி மட்டும்
தனிஸ்லாஸ், ஒரு பங்கு.
திங்கள் புள்ளடி.

நேற்றுத் திங்கள்.
பாரை விழுந்தது, நானூறு கிலோ,
இந்தப் பருவத்தின்ர பெரிய வளைப்பு.
அவரின்ர பேரில வந்து
பேனை கொஞ்சம் நிண்டது.
புள்ளடிதான் போட்டன்.