முதல் பெயர்களின் முழங்கால்கள்

வியாழக்கிழமைகளில் என் கொழுந்தன் வெண்டல்
பீர்க் குவளை வைக்கும் அட்டையின் பின்புறம்
பட்டியல் போடுவான்:
டிராஃப்டில் முதல் பெயராக அழைக்கப்பட்டவர்களில்
யார் தங்கம், யார் தகரம்.
அடித்து எழுதுவான். அட்டை நனையும். மறுபடி எழுதுவான்.
"நீ சொல், லொரெட்டா" என்பான்.
நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தெட்டு வருடம் இண்டியானாபொலிஸில்
எக்ஸ்ரே அறை என் பொறுப்பு.
டிராஃப்டுக்கு முன்பு பையன்கள் வருவார்கள்,
கட்டிலைத் தாண்டித் தொங்கும் கால்களோடு.
முகம் எனக்கு மறந்துவிடும்.
முழங்கால் மறக்காது.

மார்விஸ் டல்லி வந்தது ஈரப் படச்சுருள் காலம்.
இருட்டறையில் கிளிப்பில் தொங்கிச் சொட்டிச் சொட்டி
மெல்லத் தெளிந்தது அவர் கால்.
கல்லூரியில் நான்கு வருடம் ஆடி முடித்த எலும்பு.
வளர்கோடு மூடி, பூச்சும் காய்ந்த வீடு மாதிரி.

ஜெரிக்கோ ஹேல், மடக்கு ஃபோன் காலம்.
பள்ளிக்கூடம் முடிந்து ஒன்பதே நாள்.
தொடையெலும்பின் அடியில் வளர்கோடு
இன்னும் நூலளவு திறந்திருந்தது.
"நான் இன்னும் வளர்வேனா?" என்று கேட்டான்.
வேறெதுவும் கேட்கவில்லை.

நெமன்யா திரையில் தெரிந்தான்,
ரொட்டி அரிந்தாற்போல் துண்டு துண்டாக.
கூட நான்கு பேர்.
ஒருவர் தசைக்கு, ஒருவர் தூக்கத்துக்கு, ஒருவர் சாப்பாட்டுக்கு.
நான்காமவர் எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை.

வெண்டலின் அட்டையில் நெமன்யா தங்கம்: இரண்டு கோப்பை.
மார்விஸ் 'பரவாயில்லை': நான்கு பருவம், அப்புறம் ஆளைக் காணோம்.
ஜெரிக்கோ தகரம். எங்கள் பக்கம் அது வினைச்சொல்லே ஆகிவிட்டது.
வாங்கி மூன்றாம் நாள் டிவி அணைந்துபோனால்
"ஜெரிக்கோ பண்ணிவிட்டது" என்கிறார்கள்.
(முதல் சம்பளத்தில் அவன் வாங்கிய வீட்டில்தான்
அவன் அம்மா இன்னும் இருக்கிறாளாம், டேட்டனில்.
அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.)

வெண்டலுக்கு ஒன்று மட்டும் தோன்றுவதே இல்லை:
கடைசியில் நின்ற அணிக்குத்தான் முதல் கை.
மூழ்குகிற படகு முதலில் ஆள் எடுக்கிறது,
பிறகு அந்த ஆளிடமே கேட்கிறது
ஏனடா மூழ்கினேன் என்று.

மார்விஸை வாரத்தில் நான்கு இரவு ஆடவைத்தார்கள்,
சிமெண்ட்டின் மேல் விரித்த பலகையில். வலித்தால் ஊசி.
நெமன்யாவை மூன்றாம் ஆட்டம்தோறும்
சும்மா உட்காரவைத்தார்கள், தோளில் வெள்ளைத் துண்டோடு.
இந்த இரண்டையும் எந்தத் தராசில் வைப்பான் வெண்டல்?

போன பனிக்காலம். நான் ஓய்வுபெற இரண்டு வாரம் இருந்தது.
கைத்தடியோடு மார்விஸ் வந்தார், மூட்டு மாற்ற.
டயர் கடைப் பெயர் போட்ட தொப்பி. டோக்கன் பதினான்கு.
"என்னைப் பதினான்காவதாகவா எடுக்கிறீர்கள்?"
சிரிக்கும்போது தோள் மட்டும் குலுங்கியது.

படுக்கவைத்தேன். தழும்பு ஒரு சாண் நீளம்.
இன்றென்றால் இரண்டு பொத்தான் துளையோடு முடிந்திருக்கும்.
கூரையைப் பார்த்தபடி கேட்டார்:
"அன்றைக்கு ஏதாவது தெரிந்ததா?"

தெரிந்தது.
முழங்கால் சில்லின் கீழ்விளிம்பில்
முடி விழுந்தாற்போல் ஒரு கோடு.
படத்தில் தூசி என்று துடைத்தேன். போகவில்லை.
டாக்டர் வெளிச்சப் பெட்டியில் பார்த்தார், கடிகாரம் பார்த்தார்,
'சரி' என்று கையெழுத்துப் போட்டார்.
எனக்கு இருபத்து நான்கு வயது,
வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம்.

வெண்டலிடம் இத்தனை வியாழனும் சொல்லாததை
அவரிடம் சொன்னேன்.

இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.
"தூசி" என்றார்,
வாயில் போட்டுப் பார்ப்பவர் போல.
அப்புறம், நான் சொல்வதற்கு முன்பே,
பக்கவாட்டுப் படத்துக்குக்
காலைத் திருப்பிக் கொடுத்தார்.