அரைக்கட்டை கீழே

முருகன்குறிச்சியில் அப்போது ஒரு கடை.
தாளில் எழுதிக் கொடுத்தால்
நாலு நாளில் கேசட்டில் ஏற்றித் தருவார்கள்.
இங்கிலீஷ் கூச்சலுக்கு மட்டும் மூன்று ரூபாய் கூடுதல்.
ஊசி தேயுமாம்.

தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவரின் இசைத்தட்டு
ஒரே ஒரு ராத்திரிக்குக் கிடைத்தது.
உறையை நாங்கள் பார்க்கவில்லை.
நீலப் பேனாவில் கடைக்காரர் எழுதியிருந்தார்:
பிளாக் குவாரி, ஏழாவது.
பழைய நாடா. முதல் பாட்டுக்கு முன்னால்
அழியாமல் மிஞ்சிய ஒரு கீர்த்தனை, அரை நிமிடம்.
கடைசிப் பாட்டு
கிதார் ஏறிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று அறுந்துவிடும்.

கொக்கிரகுளத்தில் தொடங்கினால்
ஆற்றுப் பாலம் தாண்டியும் சண்டை ஓயாது.

'கீபோர்டு சேத்தான்லா, அன்னைக்கே செத்துட்டான்.
ஆறோட நிறுத்தியிருக்கணும்.'
சொன்னது ஜெபசிங்,
ஞாயிறுதோறும் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவன்.

'ஒமக்கு ஆறுதான் வே வேதம்' என்பான்
மேலப்பாளையம் செய்யது மசூது.
அவனுக்கு டிரம்ஸ்காரன் ஒருத்தன் போதும்,
மற்ற நாலு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

பூலுடையார் தாழையூத்து சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட்.
புருவத்தில் தூசியோடு வந்து உட்காருவான்.
'கிரஷருக்குள்ள கல்லு விழுத மாரி இருக்குல.
அவசரமே இல்லாம விழுது பாரு.'

ஹைகிரவுண்டில் நர்சிங் படித்த கிரேஸ் பொன்மணி
அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் சொன்னாள்:
'பாடுதவருக்கு வயசாயிட்டு.
யாரையோ அடக்கம் பண்ணிட்டு
கை கழுவாம வந்து நின்னு பாடுதாரு.'
அதற்குப் பிறகு மூன்றாம் பாட்டை
வேறு மாதிரிக் கேட்க எனக்கு முடியவே இல்லை.
அப்பா இறந்த அன்று ராத்திரியும்
அந்தக் கிழவன்தான் கூட இருந்தான்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து
சமாதானபுரத்தில் ஜெபசிங் வீடு.
மகள் போனில் தேடி எடுத்துப் போட்டாள்.
கீர்த்தனை இல்லாமலே தொடங்கியது.
துள்ளிக் குதித்துக்கொண்டு ஒரு பையன் பாடினான்.

'இது வேற ஆளு' என்றான் மசூது.
ஜெபசிங் எழுந்துபோய் ஆர்கனில் ஒரு கட்டையை அமுக்கினான்,
பிறகு பக்கத்துக் கறுப்புக் கட்டையை.
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றான்.
'கடைக்காரர் டெக்கு வேகமா ஓடியிருக்கு.
நாம கேட்டதெல்லாம் அரைக்கட்டை கீழ.
அதான் கடைசிப் பாட்டுக்கு நாடா பத்தலை.'

போனில் படம் போட்டிருந்தது. பாடியவனுக்கு
அப்போது இருபத்து மூன்று.
கிரேஸ் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்து மாட்டிக்கொண்டாள்.
'பொடிப்பயலா இருக்கானே' என்றாள்.

கல் அவசரமாக விழுந்தது.
மசூதின் டிரம்ஸ்காரன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.
கீபோர்டு, சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாக இருந்தது;
ஜெபசிங் அதை ஒத்துக்கொள்வதாக இல்லை.

'சவத்த அமத்து' என்றான் பூலுடையார்,
ஆலைக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த
ஒரு காதைத் திருப்பிக்கொண்டு.
'யம்மா, அதுல வேகத்தக் குறைக்க வழி இருக்கா?'
இருந்தது. சுருதியும் சேர்ந்தே இறங்கும் என்றாள் அந்தப் பெண்,
எங்களைப் பார்க்காமல்
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கிழவன் வந்தான்.
ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் சாய்ந்தோம்.
'இப்பச் சொல்லு, ஆறா ஏழா?'
மறுபடி பாலத்தின் நடுவிலிருந்து தொடங்கிவிட்டது.

தேநீர் ஆறி ஆடை கட்டியபோது கடைசிப் பாட்டு.
கிதார் ஏறுகிறது. ஏறுகிறது.
எங்கள் கேசட் அறுகிற இடம்.
பேச்சு தானாக நின்றது.
பாட்டு நிற்கவில்லை.
என் கை மட்டும் எழுந்து நீண்டிருந்தது,
டப்பென்ற சத்தத்துக்குப் பிறகு
கேசட்டைத் திருப்பிப் போட.