காப்பிக் கறை

மார்ச் மாதச் சோதனைத் தாளில்
வலது மூலையில் ஒரு காப்பி வட்டம்,
கால்வாசி அழிந்தது.
ஏப்ரல் தாளிலும் அதே மூலை,
அதே முக்கால்.
மே மாதத்துக்கு வந்தபோது
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

தேதி மட்டும்தான் புதிது.
ஆயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில்
கிணற்றின் கழுத்தை நெரிக்கவேண்டிய இரும்புத் தாடை
மூன்று மாதமாய் வாயை மூடிப் பார்க்கவே இல்லை.

முன்னறிவிப்பின்றிப் போகலாம் என்கிறது விதி.
மக்காயே ஹெலிகாப்டர் நிலையத்திலோ
முதல்நாளே என் பெயரும் எடையும் கேட்கிறார்கள்.
போய் இறங்கினால்
கைப்பிடிகளில் பெயின்ட் ஈரம்.

வான்டெர்லே நல்ல மனிதர்.
"டோனா ஜுசாரா, துளைப்பு ஒரு மணிநேரம் நின்றால்
என்ன செலவு தெரியுமா?"
தெரியும். காசு சுத்தமாகச் சொன்னேன்.
"தளத்தில் எத்தனை கட்டில்?" என்றேன்.
கட்டில் கணக்கு அவருக்குத் தெரியவில்லை.

நிறுத்தினோம். தாடையை மூடச் சொன்னேன்.
முள் ஏறியது, நின்றது,
பிறகு மெல்ல,
யாரும் பார்க்கவில்லை என்பதுபோல், இறங்கியது.
காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.
கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இரவு, விதிகளின் புது வரைவு.
'சோதனையை நேரில் பார்த்தவர்
தன் கையால் மணி எழுதவேண்டும்' என்று சேர்த்தேன்.
பதினேழாம் பிரிவில் 'இயன்றவரை' என்றொரு சொல்;
எண்ணெய்க் கப்பலே நுழையும் அதற்குள்.
அடித்தேன்.
கம்பெனி வக்கீல்கள் திரும்பச் சேர்ப்பார்கள்.
மறுபடி அடிப்பேன்.

அங்கே இப்போது ஷிஃப்ட் மாறும் நேரம்.
ஒருவன் எழுந்த கட்டிலில்
சூடு ஆறுமுன்
இன்னொருவன் பூட்ஸைக் கழற்றுகிறான்.