அட்டைத் துண்டின் மேல்

கடலே இல்லாத நாட்டில்
கப்பல் பெட்டிகளால் கட்டிய சந்தை.
கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு.
நடுவே பனி இறுகி வழுக்கும் சந்து.
பிஷ்கெக்கின் தோர்தோயில் அன்று எனக்கு வேண்டியது
ஒரே ஒரு கோட்டு.

போன வாரம் ஐம்பத்து மூன்று முடிந்தது.
மாஸ்கோவிலிருந்து மகள் படம் அனுப்பியிருந்தாள்:
சாம்பல் நிறம், முழங்கால் வரை,
தலையணைபோல் உப்பியது.
"உன் வயசுக்கு இது சரியா இருக்கும்மா."
வயசுக்கென்று ஒரு நிறம் உண்டென்று
அவளுக்கு நானா சொல்லிக்கொடுத்தேன்?
சொல்லித்தான் இருப்பேன்.
கறுப்பு, பழுப்பு, மறுபடி கறுப்பு.
இருபத்தைந்து குளிர்காலம்
அழுக்கு தெரியக் கூடாதென்றே உடுத்தினேன்.
அழுக்கு தெரியவில்லை.
நானும்தான்.

கடைக்காரி ஜூராகானுக்கு என் வயது,
ஒன்றிரண்டு கூடலாம்.
ஆண்பிள்ளைக் கம்பளி பூட்ஸ், கால்சட்டைக்கு மேல் பாவாடை,
அதற்கு மேல் இன்னொரு பாவாடை, இடுப்பில் பணப்பை.
ஃபேஷன் விற்பவளுக்கு ஃபேஷன் கட்டுபடியாகாது.
என் காலடியில் ஓர் அட்டைத் துண்டைப் போட்டாள்.
"முதல்ல பூட்ஸ். அப்புறம் கோட்டு.
பக்கத்தில் ஜிப் வைச்சது, குனிய வேண்டாம்.
முட்டி வாழ்த்தும் உன்னை."

கழற்றினேன்.
மைனஸ் பதினேழில்
என் காலுறைக்கும் பூமிக்கும் நடுவே
அவ்வளவு மெல்லிய அட்டை.
யார் யாரோ நின்ற குதிகால் தடங்கள்
அதில் குழிந்திருந்தன.

முதல் கோட்டுக்குத் தாடை வரை ஜிப்.
வேண்டாம் என்றேன்.
"எனக்கு உள்ளே அடுப்பு பற்றிக்கொள்ளும்.
சொல்லிவிட்டு வராது.
வங்கி வரிசையில், பஸ்ஸில்,
மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது.
நொடியில் திறக்கணும், நொடியில் மூடணும்."
ஜூராகான் சிரிக்கவில்லை.
கழுத்துச் சால்வையை விலக்கிக் காட்டினாள்.
அந்தக் குளிரில் அவள் கழுத்தெல்லாம் ஈரம்.
"அழுத்துப் பொத்தான்," என்று முனகிக்கொண்டே
பெட்டியின் அடிக்குப் போனாள்.

கொண்டுவந்தது
வேகவைத்த பீட்ரூட்டின் நிறம்.
"பத்து வயசு குறைச்சுக் காட்டும்,"
நாக்கில் தேய்ந்துபோன வாக்கியம்.
குறைக்க வேண்டாம் என்றேன்.
அந்தப் பத்து வருஷத்தில்தான்
விவாகரத்து வாங்கினேன், கடனை அடைத்தேன்,
இரண்டு பல் கட்டினேன்.
ஒன்றையும் திருப்பித் தருவதற்கில்லை.

"பின்னே என்னதான் வேணும்?"
"ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. ஊர் முழுக்க நிலக்கரிப் புகை.
மார்ஷ்ருட்கா ஓட்டும் பையன்கள்
கை காட்டினாலும் நிறுத்துவதில்லை.
கம்பம் என்று நினைக்கிறார்கள்.
கண்ணுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

கதவின் உட்புறத்தில் கண்ணாடி.
கழுத்திலிருந்து தொடை வரைதான் காட்டும்.
உயரத்தைக் குறைத்து மாட்டியது வேண்டுமென்றே என்றாள்:
"முகத்தைப் பார்த்தால் எவளும் வாங்க மாட்டாள்."
அட்டையில் நின்றபடி முட்டி மடக்கி
முகத்தைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தேன்.
மூக்கு சிவந்து, நரை நெற்றியில் ஒட்டி,
அந்த நிறத்துக்கு மேலே நான்.
சற்று நேரம் அப்படியே இருந்தேன்.
மடங்கிய முட்டி நிமிர மறுத்ததும் ஒரு காரணம்.

ஆறாயிரத்து இருநூறு சோம்.
அரை மணி பேரம். இருநூறைக் குறைக்கவில்லை,
ஒட்டக ரோமக் காலுறை ஒன்றைப் பைக்குள் திணித்தாள்.
நான் இறங்குவதற்குள்
அடுத்தவள் அட்டையில் ஏறிவிட்டாள்.

நிறுத்தத்தில் புகை.
எல்லோரும் மூக்குவரை மூடிக்கொண்டு நிற்க
எனக்கு அடுப்பு பற்றியது.
பட், பட், பட். ஐந்து பொத்தானும்.
கோட்டு இரண்டு பக்கமும் விரிந்து படபடக்க
மார்ஷ்ருட்கா ஒன்று கிறீச்சிட்டு நின்றது.
"எஜே, குளிரலையா?" என்றான் பையன்.
ஏறினேன். படியோரமே நின்றுகொண்டேன்.
உள்ளே பன்னிரண்டு பேர் கத்தினார்கள்.

"கதவைச் சாத்தாதே தம்பி,
ஒரு நிமிஷம்."