மூன்றாம் நம்பர்

நூற்றுப் பத்து வோல்ட்டில் ஓடுகிற குதிரைகள்.
நம்மூர்க் கரண்டில் நேராகச் செருகினால்
ஒரே பாய்ச்சல், அதோடு புகை.
அதற்குத்தான் வைண்டிங் கடையிலிருந்து
என்னைக் கூப்பிட்டார் அடைக்கலம்,
காரைக்குடியில், எனாமல் தட்டுகளுக்கும்
கழற்றிச் சாய்த்த நிலைகளுக்கும் நடுவே.

பினாங்கிலிருந்து கப்பலில் வந்ததாம் பின்பால் மேசை.
ஆத்தங்குடிப் பக்கம் ஒரு வீட்டில்
பதினொரு பங்காளிகள் கையெழுத்துப் போட்டு விற்றது.
பத்துப் பேர் காகிதத்தில்.
ஈப்போவில் இருக்கிறவர் வாட்ஸாப்பில்,
கட்டைவிரலும் ஒரு குதிரைப் படமும்.

கண்ணாடியில் ஆறு குதிரைகள்,
தொப்பி வைத்த ஒரு சீமாட்டி,
மூக்கில் மட்டும் பெயின்ட் உரிந்தவள்.
பந்து எந்தக் குழியில் விழுகிறதோ
அந்த நம்பர் ஓர் அடி முன்னே.

மூடியைத் திறந்தால்
பல்லிமுட்டை, ராஜா தலை போட்ட சென்ட்டுக் காசு மூன்று,
துணி சுற்றிய ஒயர்.
இரண்டு நாள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
ஐந்து ஓடின.
மூன்றாம் நம்பர் அசையவில்லை.

பல்சக்கரத்தின் அடியில்
ஒரு தீக்குச்சி.
தவறி விழுந்ததில்லை.
சீவி, அளவு பார்த்து, நூல் சுற்றிச் செருகியது.

யாரோ ஒருவன்
விளக்கைக் கிட்டப் பிடித்து
இதே இடத்தில் மூச்சை அடக்கியிருக்கிறான்.
எத்தனை பேர் மூன்றின் மேல் காசு கட்டி
இடுப்பால் மேசையை இடித்து
டில்ட் விளக்கு எரியக் கண்டு
என் ராசி அப்படி என்று
பீடி பற்றவைத்தார்களோ,
அதே பெட்டிக் குச்சியில்.

உருவினேன்.
மணி அடித்த அடியில்
குத்துவிளக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரி
வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கூலி ரெட்டிப்பு, இல்லேன்னா ஒண்ணுமில்லே.
வக்கிறியா?" என்றார் அடைக்கலம்.
மூன்றின் மேல் வைத்தேன்.
வேறெதில் வைப்பேன்?

நன்றாகத்தான் ஓடியது.
கடைசி வளைவு வரைக்கும் அதுதான் முன்னே.
அப்புறம் ஐந்து,
ஒரு மூக்கு நீளத்தில்.

யாரும் ஏமாற்றவில்லை.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.
டீக்குக் காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

"அந்தக் குச்சியக் குடு,
ஓட்டல்காரனுக்குக் கதையோட சேத்து வித்துடலாம்."

உடைஞ்சு போச்சு என்றேன்.
அவர் பார்வை போன இடத்தில்
என் காது,
காதில் அது.