புள்ளிக்குப் பின்னால்

யாகுத்ஸ்க். சுழியத்துக்குக் கீழே நாற்பத்து மூன்று.
தெருவிளக்கைச் சுற்றி மூடுபனி
கட்டிவைத்த மாடு போல அசையாமல் நின்றது.
மூன்றாம் மாடி கெஸ்கில் கதவைத் தட்டாமல் வந்து
விலா திறந்து கிடந்த என் கணினியைப் பார்த்தான்.
"ஜன்னலைத் திற, துயாரா. ஒன்றரை வோல்ட் கொடு.
இந்த ஊரில் எதுதான் சூடாகிவிடும்?"

நான் ஜன்னலைத் திறக்கவில்லை.
டீ ஊற்றினேன்.

பழைய சில்லு. ஏதோ கல்லூரி கழித்துக் கட்டியது.
உறைமண்ணில் துளையிட்டு நான் இறக்கிய
நாற்பது வெப்பமானிகளின் பதினாறு வருடக் கணக்கை
வரைபடமாக்க, இரவு முழுக்க முக்கும்.
கொஞ்சம் வேகம் கேட்டேன், அவ்வளவுதான்.
பேராசை என்று சொல்லாதே,
பொறுமை இல்லை என்று வேண்டுமானால் சொல்.

முதல் வேலை, தானியங்கியை அணைத்தது.
தாய்ப்பலகைக்குத் தாராள மனசு.
ஊரார் பாத்திரம்தானே என்று
கேட்காமலே ஊற்றிக்கொண்டிருக்கும்.
பிறகு என் விரலால் எழுதினேன்:
ஒன்று புள்ளி இரண்டு ஐந்து.

வேகத்தில் ஒரு படி.
ஒரு மணி நேரம் வதை.
தாங்கியது. இன்னொரு படி.
மூன்றாவதில் நீலத்திரை,
பேச்சு பாதியில் மயங்கி விழுந்தவர் மாதிரி.
புள்ளிக்குப் பின் இரண்டாம் இடத்தில்
ஒன்றே ஒன்றைக் கூட்டினேன்.
எழுந்துகொண்டது.

இப்படியே ஒன்று புள்ளி மூன்று வரை.
எண்பத்தொரு பாகை, மின்விசிறி அடித்தொண்டையில்.
அடுத்த படி கேட்ட விலை: ஒன்று புள்ளி மூன்று எட்டு.
ஒரு சாண் ஏற ஒரு முழம் கயிறு.
இறங்கிவிட்டேன்.
இறங்குகிறவளுக்கு யாரும் கைதட்டுவதில்லை;
நோட்டில் தேதி போட்டேன், அதுதான் கைதட்டல்.

கெஸ்கிலுக்கும் அதே பெட்டியிலிருந்து ஒரு சில்லு.
அவன் மேலே போய் ஜன்னலைத் திறந்தான்.
மறுநாள் கைபேசியில் படம் காட்டினான்:
ஒன்றரை வோல்ட், இருபத்திரண்டு பாகை,
கம்பளித் தொப்பிக்குள் அவன் சிரிப்பு.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் தொப்பி இல்லாமல் வந்தான்.
போன மாதம் சும்மா தாங்கிய வேகத்தைக்கூட
இப்போது தாங்கவில்லையாம்.
"குளிர் இருந்ததே" என்றான்,
குளிர் அவனிடம் கடன் வாங்கி ஓடிப்போனது போல.

குளிர் சூட்டைத்தான் தூக்கிப்போகும், கெஸ்கில்.
அழுத்தம் வேறு.
கண்ணுக்கு எட்டாத கம்பிகளுக்குள்
உலோகத்தைத் துளித்துளியாய் இடம் நகர்த்தும்.
எதிர்க் கட்டடத்தில் தூண்களுக்கு நடுவே சுவரெழுப்பி
காருக்கு அறை கட்டி வெந்நீர்க் குழாய் விட்டார்களே,
கீழே மண் இளகியது யாருக்குக் கேட்டது?
ஒரு காலை கதவு சட்டத்துக்குள் சேரவில்லை.

அவன் பேசவில்லை.
லேனா ஆற்றின் பனிப்பாதையில் லாரி ஓட்டுகிறவன்.
பலகை இருபது டன் என்றால் பத்தொன்பதோடு நிற்பான்,
பெல்ட்டைக் கழற்றி, கதவை ஒருக்களித்து,
மூச்சையும் சேர்த்து எடை போட்டபடி.
"ஆற்றுப்பனி முன்கூட்டியே முனகும்" என்றான் கடைசியில்.
"இது முனகவே இல்லையே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போகும்போது கேட்டான்: வேறு ஒன்று வாங்குகிறேன்,
உன் எண்ணைத் தா, அப்படியே போடுகிறேன்.
ஒரே வயிற்றில் பிறந்தாலும்
ஒருத்திக்குச் சேர்வது இன்னொருத்திக்குச் சேராது.
தொடங்கும் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.
காகிதத்தின் மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அன்றிரவு வரைபடம்
பதினொரு நிமிடம் முன்னதாக முடிந்தது.
இத்தனை பாடும் அந்தப் பதினொன்றுக்குத்தான்.
என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
மேலே, நாடா கிழிபடும் சத்தம்.
நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.
ஜன்னலின் இடுக்குகளை
ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தான்.